கமிட்டியில் நாற்காலி கிடைத்த பிறகு

உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். 23 வயதில் உங்களைச் சபைக் கமிட்டிக்கு வாலிபர் பிரதிநிதியாகச் சேர்த்திருக்கிறார்கள். நான்கு கூட்டத்துக்குப் போய்விட்டீர்கள். எதையாவது சொன்னால் "நல்ல யோசனை தம்பி, ஜெபித்துப் பார்ப்போம்" என்கிறார்கள், அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. இப்படி உட்கார்ந்திருப்பதில் பயன் உண்டா, மறுத்துப் பேசினால் மூத்தோரை மதிக்காததாக ஆகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது இன்னும் ஒரு படி ஆழமானது என்று எனக்குப் படுகிறது. உட்கார இடம் கொடுத்துவிட்டார்கள். முடிவெடுப்பதில் பங்கு கொடுத்தார்களா? கொடுக்கவில்லை என்றால் அதை எப்படிப் பெறுவது?

நான் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவள். கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். வாலிபர் ஐக்கிய சங்கத்தில் தொடங்கி, அப்புறம் 18 வருடம் சேகரக் கமிட்டியிலும் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் கமிட்டி) இரண்டு முறை திருமண்டலப் பெருமன்றத்திலும் (பேராயர் ஒருவரின் கீழுள்ள சேகரங்கள் எல்லாம் சேர்ந்த அவை) இருந்திருக்கிறேன். அதனால் கீழே சொல்வது எங்கள் மாதிரி தேர்தலும் கமிட்டியும் தீர்மானப் புத்தகமும் உள்ள சபைகளுக்கு நேராகப் பொருந்தும். கத்தோலிக்கப் பங்குகளில் நிலைமை வேறு. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி பங்குப் பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டும்தான். ஆனால் அதே சட்டம் ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது. கத்தோலிக்க இளைஞர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. போதகர் ஒருவரே முடிவெடுக்கும் தனிச் சபைகளில் எனக்கு அனுபவம் இல்லை, அதனால் அவற்றைப் பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை.

முதலில் மரியாதை விஷயம், ஏனென்றால் உங்களைத் தடுத்து நிறுத்துவது அதுதான். "உன் இளமையைக்குறித்து ஒருவனும் உன்னை அசட்டைபண்ணாதபடிக்கு" என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய வசனம் எல்லா வாலிபர் முகாமிலும் சுவரில் தொங்கும். மூத்தோர் பக்கத்தார் அதற்குப் பதிலாக எடுத்துப் போடுவது சாலொமோனின் மகன் ரெகொபெயாம் ராஜாவின் கதை. முதியோர் சொன்ன ஆலோசனையைத் தள்ளிவிட்டு, தன்னோடு வளர்ந்த வாலிபர் பேச்சைக் கேட்டான், ராஜ்யம் இரண்டாகப் போயிற்று என்பார்கள். என்னிடமும் இதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் 1 இராஜாக்கள் 12ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். ஜனங்கள் வந்து, நுகம் பாரமாக இருக்கிறது, கொஞ்சம் குறையுங்கள் என்று கேட்கிறார்கள். முதியோர் சொன்னது, அவர்களுக்குச் செவிகொடும், இன்று அவர்களுக்குச் சேவகராயிரும் என்பது. வாலிபர் சொன்னது, நுகத்தை இன்னும் கனமாக்கும் என்பது. ஜனங்களின் பாரத்தை யார் காதில் வாங்கினார்கள் என்பதுதான் அங்கே விஷயம், வயது இல்லை. இன்று உங்கள் சபையில் பாரத்தைச் சொல்கிறவர் 23 வயதுக்காரராக இருந்தால், அந்த முதியோரின் இடத்தில் நிற்கிறவர் நீங்கள்தான்.

இன்னொன்று. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குமுறையின் மூன்றாம் அதிகாரத்தில், முக்கியமான காரியம் எதுவானாலும் மடத்தின் தலைவர் எல்லாரையும் கூட்டிக் கேட்க வேண்டும் என்கிறார். காரணமும் சொல்கிறார்: எது நல்லது என்பதை ஆண்டவர் பல நேரங்களில் இளையவருக்கே வெளிப்படுத்துகிறார். கடைசி முடிவு தலைவருடையதுதான், அதை அவர் மாற்றவில்லை. ஆனால் இளையவரைக் கேட்காமல் முடிவு செய்யக்கூடாது என்பது ஆயிரத்தைந்நூறு வருடத்துப் பழைய வழக்கம். இது இன்றைய காலத்துப் புதுப் பழக்கம் என்று யாராவது சொன்னால் தைரியமாக இதைச் சொல்லுங்கள்.

இந்தத் தலைப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அப்போஸ்தலர் 6. கிரேக்க மொழி பேசியவர்கள் தங்கள் விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உணவுப் பங்கீட்டில், விடப்படுகிறார்கள் என்று முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர் அவர்களை அடக்கவில்லை. சபையாரைக் கூட்டி, நீங்களே ஏழு பேரைத் தெரிந்துகொள்ளுங்கள் என்றார்கள். தெரிந்துகொள்ளப்பட்டவர்களின் பெயர்களைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தின் கையிலேயே பந்தி விசாரணையைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நான் இதை வாசிக்கிறேன். குறையைக் காது கொடுத்துக் கேட்பதோடு நிற்காமல் பொறுப்பையும் கொடுத்தார்கள். உங்களை "நல்ல யோசனை தம்பி" என்று அனுப்புகிறவர்கள் பாதி தூரம் வந்திருக்கிறார்கள். மீதிப் பாதியை நீங்கள் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

சரி, எப்படி? என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். 1989 மார்ச்சில் ஓட்டுப் போடும் வயது 21இலிருந்து 18 ஆகக் குறைந்தது. எனக்கு அப்போது 20. அந்த நவம்பரில் நாடாளுமன்றத் தேர்தலில் முதல் முறையாக ஓட்டுப் போட்டேன். இரண்டு வாரம் கழித்து, வாலிபர் சங்கச் செயலர் என்ற முறையில் சபைக் கமிட்டிக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆராதனை முடிந்து வெஸ்ட்ரி அறையில், அங்கி மாட்டும் ஆணிகளுக்குக் கீழே, ஒரு பெஞ்சின் ஓரத்தில் இடம். பொருளாளர் அசனப் பண்டிகை (சபையார் எல்லாரும் சேர்ந்து உண்ணும் விருந்து) கணக்கைக் கல்யாண ஓலை வாசிக்கிற வேகத்தில் வாசித்து முடித்தார். பண்டிகைக்கு வீடு வீடாகப் போய் அரிசி வசூலித்தது எங்கள் வாலிபர் சங்கம். மூட்டைகளை எண்ணி ஏற்றியது நான். அந்த அரிசி கணக்கில் எங்கேயும் வரவில்லை. எழுந்து, ஐயா, வந்த அரிசி எந்த வரியில் இருக்கிறது என்று கேட்டேன். அறை அப்படியே அமைதியானது. "சின்னப் பிள்ளை, உட்காரும்மா. நீ அழைப்பாளர்தான், உறுப்பினர் இல்லை" என்றார் ஒருவர். நாட்டை ஆளுகிறவரைத் தேர்ந்தெடுக்க ஓட்டு இருந்தது, அரிசி மூட்டையைப் பற்றிக் கேட்க உரிமை இல்லை. அன்று இரவு அழுதேன்.

வெகு நாள் கழித்து நானே கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் இடத்துக்கு வந்தபோதுதான் தெரிந்தது, யாரும் எதையும் எடுக்கவில்லை. பணமாக வந்ததை எழுதத்தான் அந்தப் புத்தகத்தில் இடம் இருந்தது. பொருளாக வரும் காணிக்கையை எழுத ஒரு பத்தியே கிடையாது. அந்தப் பத்தியைச் சேர்க்க ஒரு தீர்மானம் போதும். அதை 20 வயதில் எனக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால், சந்தேகப்படுகிற பெண் என்ற பெயர் வந்திருக்காது, வேலையும் அன்றே முடிந்திருக்கும். உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதே அதற்காகத்தான்.

முதல் வேலையாக, நீங்கள் உறுப்பினரா அழைப்பாளரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஓட்டுரிமை உண்டா இல்லையா என்பதை எழுத்தில் பாருங்கள். தென்னிந்தியத் திருச்சபைக்கு ஒரு பொதுச் சட்டம், அதற்குள் ஒவ்வொரு திருமண்டலத்துக்கும் தனிச் சட்டம் இருக்கிறது. உங்கள் திருமண்டலத்துச் சட்டப் புத்தகம் அலுவலகத்திலோ குருவானவரிடமோ இருக்கும். கேட்பது உங்கள் உரிமை. இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் பெரிய இடங்களிலேயே இதில்தான் வேறுபாடு வந்திருக்கிறது. 2018இல் வத்திக்கானில் இளைஞரைப் பற்றியே ஆயர் மாமன்றம் கூடியது. இளைஞர்கள் உள்ளே இருந்தார்கள், பேசினார்கள், கைதட்டல்கூடக் கிடைத்தது, ஓட்டு இல்லை. 2023 அக்டோபர் அமர்வில்தான் பெண்களுக்கும் மற்றப் பொதுநிலையினருக்கும் முதல் முறையாக ஓட்டுரிமை வந்தது. இருப்பது வேறு, எண்ணப்படுவது வேறு.

இரண்டாவது, கருத்துச் சொல்வதை விட்டுவிட்டுத் தீர்மானம் கொடுங்கள். கூட்டத்தில் வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதிக் கொடுத்து, ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிந்துவிட்டால் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஏற்பார்கள், அல்லது தள்ளுவார்கள், அல்லது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைப்பார்கள். எதைச் செய்தாலும் மினிட் புத்தகத்தில் ஏறும். "ஜெபித்துப் பார்ப்போம்" என்பதையும் நான் குறைவாக நினைக்கவில்லை, ஜெபம் வேண்டும்தான். எந்தத் தேதி வரை ஜெபிப்போம், எந்தக் கூட்டத்தில் திரும்பப் பேசுவோம் என்று தாழ்மையாகக் கேளுங்கள், அந்தத் தேதியை எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாவது, நிகழ்ச்சி நிரல். உங்களுக்கு வேறெங்கோ முடிவாகிறது என்று தோன்றுவது உண்மைதான். ரகசியமாக ஆகிறது என்று மட்டும் நினைக்காதீர்கள். எது பேசப்படும், எது கடைசியில் தள்ளப்பட்டு நேரமில்லாமல் போகும் என்பது நிரல் எழுதும்போதே தீர்ந்துவிடுகிறது. செயலரிடம் பத்து நாளுக்கு முன்பே போய், இந்தப் பொருளை மூன்றாவதாகச் சேருங்கள் அண்ணாச்சி என்று கேட்பதற்கு எந்தத் தனி அதிகாரமும் தேவையில்லை. நான் கமிட்டிச் செயலராக இருந்த வருடங்களில் அப்படி வந்து கேட்ட இளைஞர்கள் மிகக் குறைவு. கூட்டத்தில் கோபப்பட்டவர்கள்தான் அதிகம்.

எங்கள் சபையில் நடந்த ஒரு விஷயத்தைக் கிட்டத்தில் காட்டுகிறேன். பன்னிரண்டு வருடம் இருக்கும். 22 வயது நர்சிங் மாணவி ஒருத்தி கமிட்டிக்கு வந்தாள். மற்றவர்கள் புதிய மைக் செட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் திருவிருந்துப் பதிவேட்டை எடுத்துவைத்து, ஒரு வருடமாக வராத வயதானவர்களின் பெயரை ஒரு தாளில் எழுதினாள். வாலிபர் சங்கத்திலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு 14 வீட்டுக்குப் போனாள். ஒன்பது வீட்டில் ஒரே பதில்: அந்த ஏழு படி ஏற முடியவில்லை. அவள் படி ஒவ்வொன்றையும் அளந்தாள், ஆறங்குலம். மொத்த உயரம் மூன்றரை அடி. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் சாய்தளம் வேண்டும் என்பது கணக்கு, ஆக 42 அடி. ஆலய முகப்பில் 42 அடி வைத்தால் அழகு கெடும் என்று எதிர்ப்பு வந்தது. அப்போது கட்டட வேலை பார்த்துப் பழகிய ஒரு பெரியவர், வடக்குச் சுவரை ஒட்டிப் பாதி வரை போய், நடுவில் ஒரு சமதளம் வைத்துத் திருப்பலாமே என்று பென்சிலால் வரைந்து காட்டினார். சக்கர நாற்காலி திரும்ப அங்கே எவ்வளவு அகலம் வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னாள். இரண்டு பேரும் ஒரே தாளின் மேல் குனிந்து நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. தீர்மானத்தை அவள் முன்மொழிந்தாள். வழிமொழிந்தவருக்கு 71 வயது. அந்தப் பட்டியலில் அவர் மனைவியின் பெயரும் இருந்தது.

அதிலிருந்து உங்களுக்கு எடுத்துக்கொள்ள இரண்டு விஷயம் உண்டு. அவள் கொண்டு வந்தது வாலிபருக்கான கோரிக்கை இல்லை. வாலிபர் பிரதிநிதி என்றால் வாலிபர் காரியம் மட்டும்தான் பேச வேண்டும் என்று ஒரு எழுதாத விதி இருக்கிறது: முகாம், கிறிஸ்துமஸ் கீதப்பவனி, கிட்டார். அந்த வட்டத்துக்குள் நின்றால் உங்களை அங்கேயே வைத்திருப்பார்கள். அப்புறம், வழிமொழிய ஒரு மூத்தவரை முன்கூட்டியே போய்ப் பாருங்கள். வீட்டுக்குப் போங்கள், காப்பி குடியுங்கள், எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். உங்கள் சபையில் முன்பு என்ன முயன்றார்கள், ஏன் நின்றுபோனது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இங்கே நம் சரித்திரத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மூத்தோர் பெருமையாகச் சொல்லும் காரியங்கள் பலவும் அவர்களின் மூத்தோர் இளைஞராக இருந்தபோது தொடங்கியவை. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903இல் இந்திய மிஷனரி சங்கம் பாளையங்கோட்டையில் உருவானபோது 28 வயதுக்காரர். 1910இல் எடின்பரோ மாநாட்டில், மேல்நாட்டு மிஷனரிமார் முன்னால் நின்று, உங்கள் பொருளையும் உடலையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டபோது அவருக்கு 35. அதைக் கேட்டுப் பலர் முகம் சுளித்தார்கள். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடி சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். அதில் இரண்டு பேர் தவிர மற்ற எல்லாரும் இந்தியர்கள், அசரியாவும் ஒருவர். அதற்குப் பிறகு 28 வருடம் கமிட்டி, வரைவு, திருத்தம், ஓட்டு, மறுபடியும் வரைவு. 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது அசரியா உயிரோடு இல்லை, 1945 புத்தாண்டு அன்றே போய்விட்டார். தொடங்கியவர்கள் ஒரு தலைமுறை, கைதூக்கி முடித்தவர்கள் அடுத்த தலைமுறை. நான்கு கூட்டத்தில் சலித்துப்போகிற பிள்ளைகளிடம் இதை நான் எப்போதும் சொல்வேன்.

இனி எனக்கு உறுதியில்லாத பகுதி. உலகத் திருச்சபைகள் மன்றம் 2006இல் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி பேரவையில் பெரும்பான்மை ஓட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஒருமித்து முடிவெடுக்கும் முறைக்கு வந்தது. பேசப்படும் விஷயத்துக்கு மனம் சாய்ந்தால் ஆரஞ்சு அட்டை, சாயவில்லை என்றால் நீல அட்டை. நீல அட்டை வைத்திருப்பவரை அவைத்தலைவர் கேட்க வேண்டும், அவர் குறையைத் தீர்க்க முயல வேண்டும். சபைகள் அனுப்பும் பிரதிநிதிகளில் கால்வாசி இளைஞர் என்பதையும் அந்த மன்றம் குறிக்கோளாக வைத்திருக்கிறது. இதை எங்கள் வாலிபர் சங்கத்தில் பழைய காலண்டர் அட்டைகளை வெட்டி வர்ணம் பூசிச் செய்து பார்த்தோம். நன்றாகவே இருந்தது. எப்போதும் பேசாத பிள்ளைகள் நீல அட்டையைத் தூக்கினார்கள். ஆனால் சேகரக் கமிட்டியில் இது வேலை செய்யுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. இரண்டு அணி முன்பே பிரிந்து நிற்கிற இடத்தில், எல்லாரும் ஒத்துக்கொள்ளும் வரை காத்திருப்போம் என்றால் பலமுள்ள அணிக்கு அது வசதியாகிவிடலாம். ஒருமித்தல் என்பது ஒருவரை ஒருவர் நம்புகிற இடத்துக்குத்தான் பொருந்தும் போலிருக்கிறது. அப்படி நம்பிக்கை இல்லாத இடத்தில் ரகசிய ஓட்டே இளையவருக்குப் பாதுகாப்பு என்று இப்போதைக்கு நினைக்கிறேன்.

அணி என்றதும் மனதில் பாரமாக இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் திருமண்டலத் தேர்தல்களில் பேனல், குடும்பம், சாதி, செலவு எல்லாம் புகுந்து, வழக்கு நீதிமன்றம் வரை போவது எல்லாருக்கும் தெரிந்ததே. தேர்தல் நெருங்கும்போது இளைஞர்களைத் தேடி வருவார்கள். வண்டி ஓட்ட, வாட்ஸ்அப்பில் செய்தி போட, பட்டியல் சரிபார்க்க. ஜெயித்த பிறகு அந்தப் பிள்ளைகளை யாரும் கூப்பிடுவதில்லை. நல்ல மனதோடு ஒரு பேனலில் சேர்ந்து உள்ளிருந்து திருத்தலாம் என்று போனவர்களில் சிலர் திருத்தியும் இருக்கிறார்கள், பலர் கசப்போடு சபையையே விட்டுப் போயிருக்கிறார்கள். சேரலாமா கூடாதா என்று பொதுவாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சேர்ந்தால், வரவு செலவை வருடா வருடம் சபையார் முன் வைப்போம் என்பது மாதிரி ஒரே ஒரு காரியத்தையாவது வெளிப்படையாக வாக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டுச் சேருங்கள்.

வாக்காளர் பட்டியலையும் மறக்காதீர்கள். திடப்படுத்தல் (சபையின் முழு அங்கத்தினராகும் சடங்கு) பெற்று, சந்தா பாக்கி இல்லாமல் இருக்கிறவர்களின் பெயர்தான் எங்கள் பட்டியலில் இருக்கும். உங்கள் வயதுப் பிள்ளைகள் பாதிப் பேர் சென்னையிலும் பெங்களூரிலும் வேலையில் இருக்கிறார்கள். ஊர்ச் சபையில் சந்தா நின்றுபோயிருக்கும், போன ஊர்ச் சபையில் பெயர் பதிந்திருக்காது. இரண்டு இடத்திலும் அவர்களுக்குக் குரல் இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்து ஏன் எல்லாம் இப்படி இருக்கிறது என்று வருத்தப்படுவார்கள். பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் போன் செய்து, இங்கே சந்தா கட்டு, இல்லையென்றால் கடிதம் வாங்கி அங்கே சேர்ந்துகொள் என்று சொல்வது உங்கள் பதவியில் ஒருவர் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை என்று நான் நினைக்கிறேன். தனியாக ஒரு பிரதிநிதி பேசும்போது "தம்பி" என்று முடித்துவிடலாம். பட்டியலில் அறுபது இளம் பெயர்கள் புதிதாக ஏறியிருக்கிறது என்று தெரிந்தால் அப்படி முடிக்க முடியாது.

ஒரு தீர்மானம் தோற்றால் வெளியே போய்விடாதீர்கள். "இந்தத் தீர்மானத்துக்கு என் ஒப்புதல் இல்லை என்பதைப் பதிவு செய்யக் கேட்கிறேன்" என்று சொல்லி உட்காருங்கள், குரல் உயர வேண்டாம். அடுத்த கூட்டத்தில் மினிட் வாசிக்கும்போது அந்த வரி இருக்கிறதா என்று கவனியுங்கள். இல்லையென்றால் கையெழுத்தாகும் முன் சேர்க்கச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து இதை யாரும் மரியாதைக்குறைவு என்று சொன்னதில்லை. ஆலயத்துக்கு வெளியே டீக்கடையில் பேசுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள், அதில் அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது.

அந்த நான்கு கூட்டத்தில் நீங்கள் எதைப் பற்றிப் பேசினீர்கள் என்று கேள்வியில் இல்லை. அதையும், உங்களுக்கு ஓட்டு உண்டா என்பதையும் எழுதுங்கள். தீர்மான வாசகத்தை இரண்டு மூன்று வரியில் சேர்ந்து எழுதிப் பார்க்கலாம்.